நிமிஷத்துக்கு ஒன்பது லிட்டர்

செத்துப்போன வாட்டர் ஜெட்டை, தண்ணீர் பீய்ச்சித் தரை கழுவும் மெஷினை, அங்கம்மா தள்ளிக்கொண்டு போனதைப் பண்டார் தெங்காராவில் பாதிப் பேர் பார்த்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. முப்பது கிலோ இரும்பு, இரண்டு சக்கரம், அதில் ஒன்று போகும் வழியெல்லாம் கீச்சிட்டது. தாமான் குடியிருப்பிலிருந்து கடைத்தெருவுக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். மோட்டார் சைக்கிளில் எதிரே வந்த பக்கத்து வீட்டு லெட்சுமணன் வேகத்தைக் குறைத்து, "என்ன அங்கம்மா, பிள்ளைய வண்டியில வச்சுத் தள்ளுற மாதிரி தள்ளிக்கிட்டுப் போறீங்க? சொல்லியிருந்தா லோரியில ஏத்திட்டு வந்திருப்பேனே" என்றார்.

"சக்கரம் வச்சுத்தான செஞ்சிருக்கான். அப்புறம் எதுக்கு லோரி?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

அவரிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வியாழக்கிழமையே அவள் தீர்மானித்திருந்தாள். அன்றுதான் ஜொகூர் பாருவிலிருந்து மகன் ஜீவன் போன் செய்திருந்தான்.

"ம்மா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நானும் ரூபினியும் வர்றோம். கூடவே ஒரு ஏஜெண்ட் வருவாரு. வீட்டைப் பார்த்துட்டு, வாடகைக்கு விடலாமான்னு சொல்லுவாரு."

"யாரு வீட்டை?"

"ம்மா, அன்னைக்குப் பேசினோம்ல."

பேசியது உண்மைதான். போன டிசம்பர் மழையில் வாசலில் கார் நிற்கும் போர்ச்சில் பாசி வழுக்கி அவள் விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஜீவனுக்கு சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னால் எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். அம்மா விழுந்த செய்தி அவனுக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயத்தில் அவன் சொன்னான்: "போர்ச் பச்சையா இருந்தா நீங்க அங்க தனியா இருக்கக்கூடாது. எங்களோட வந்துடுங்க." அவளும் வலியின் எரிச்சலில், "பச்சையா இருக்காது" என்று சொல்லிவிட்டாள். அப்போதைக்கு அது வெறும் பேச்சு. நாளாக நாளாக அதுவே ஒப்பந்தம் போல ஆகிவிட்டது.

ஏழு மாதம் அவள் சொன்னபடி நடந்தது. மூன்று வாரத்துக்கு முன் வாட்டர் ஜெட் நின்றது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மழை. சிமெண்டுத் தரை முதலில் கறுத்தது, பிறகு பண்டான் கேக்கின் பச்சை நிறத்துக்கு வந்தது. பிரஷ்ஷும் குளோரினும் வைத்து இரண்டு நாள் தேய்த்தாள். பாதிதான் முடிந்தது. மணிக்கட்டு வீங்கியது. அடுத்த வாரமே பாசி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வீட்டை அவள் விடமாட்டாள் என்பதற்கு ஒரே காரணம்தான். நாற்பத்தோரு வயது வரைக்கும் அவள் குடியிருந்ததெல்லாம் தோட்டத்து வீடு. வேலை இருக்கும் வரை வீடு, வேலை நின்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். செம்பனை மரங்களுக்கு நடுவில் இருபத்திரண்டு வருஷம் முதுகில் பம்பு மாட்டிக் களைமருந்து அடித்துத்தான் புருஷன் காளியப்பனோடு சேர்ந்து வரிசையின் கடைசியில் இருக்கும் இந்த ஓரத்து வீட்டை வாங்கினாள். இங்கேயிருந்து கிளம்பு என்று யாரும் சொல்ல முடியாத முதல் வீடு அது. இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு யாரோ ஒருவர் அதை அளந்து பார்க்க வரப்போகிறார்.

கடை முழுக்கப் புல்வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் ரம்பமும் தொங்கின. கடை முதலாளியான சீனத் தவுக்கே கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் பழுதுபார்க்கும் லோகேஸ்வரன், ஜீவனோடு ஒன்றாகப் படித்தவன். எந்த மெஷினையும் பிரித்துக் காட்டி விளக்காமல் அவனுக்கு விற்கவும் வராது, பழுது பார்க்கவும் வராது. வாடிக்கையாளர்கள் இதைப் பற்றித் தவுக்கேயிடம் புகார்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். இன்ஜின் உடனே பிடித்தது. ஆனால் கையில் பிடித்துப் பீய்ச்சும் கன்னின் வாயிலிருந்து தண்ணீர் குழந்தை எச்சில் ஒழுகுவதுபோல ஒழுகியது.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லக்கா. பம்புதான் போச்சு."

நான்கு போல்ட்டைக் கழற்றிப் பம்பைத் தனியே எடுத்து, உள்ளேயிருந்து மூன்று சின்ன வளையங்களை மேசைமேல் வைத்தான். ரப்பராக இருக்க வேண்டியவை. கருகிய அப்பளம்போலக் காய்ந்து விளிம்பெல்லாம் பொரிந்திருந்தன.

"இது சீல். தண்ணிய உள்ள பிடிச்சு வைக்கிறது இதுதான். சூட்டுல வெந்து போயிருக்கு. ஒண்ணு கேக்கவாக்கா? கன் விசையை விட்டுட்டு, இன்ஜினை ஓடவிட்டுட்டு எங்கயாச்சும் போவீங்களா?"

"எங்கயும் போகமாட்டேன். கேட்ல யாராச்சும் வந்தா பேசுவேன்."

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"பேசுற நேரம்தான்."

"அலமாக், அடக் கடவுளே" என்றான் லோகேஸ்வரன் மெதுவாக. ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் படம் போட ஆரம்பித்தான்.

இன்ஜின் ஓடும்வரை பம்பும் ஓடும். அதற்கு நிற்கத் தெரியாது. விசையை அழுத்தினால் தண்ணீர் வெளியே போகிறது. விசையை விட்டதும் வெளிவழி அடைத்துக்கொள்கிறது. அடைத்த தண்ணீர் பம்பை உடைத்துவிடாமலிருக்க உள்ளே ஒரு வால்வு திறந்து, அதே தண்ணீரைத் திரும்பவும் பம்பின் வாய்க்கே அனுப்புகிறது. அப்படியே ஒரு கோப்பை அளவு தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். பம்பு அதைத் திரும்பத் திரும்ப நசுக்கும். நசுக்க நசுக்கச் சூடு ஏறும். இரண்டு மூன்று நிமிஷம் தாங்கும். பத்து நிமிஷத்தில் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. சூடு அதிகமானால் தண்ணீரைக் கக்கிவிட இன்னொரு சின்ன வால்வு உண்டு. அவளுடைய மெஷினில் அது செம்மண் அடைத்து இறுகிப்போயிருந்தது.

அங்கம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் ஆகவில்லை. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் ஆனது.

முதுகில் மாட்டும் மருந்துப் பம்பில் கை எடுத்தால் எல்லாம் ஓய்ந்துவிடும். இடது கையால் நெம்புகோலை அடித்தால்தான் அழுத்தம் வரும். அடிக்காவிட்டால் பம்பும் சும்மா, அவளும் சும்மா. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான். விசையை விட்டால் மெஷினுக்கு ஓய்வு என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. இன்ஜின் சத்தம் போட்டாலும், தண்ணீர் வரவில்லையே, பாவம், அதுவும் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"பம்பு கெட்டதில்ல. நான்தான் கொன்னுட்டேன்" என்றாள்.

"அப்படி இல்லக்கா..."

"அப்படித்தான் தம்பி. மத்தவங்க சொன்னா கோவம் வரும். நானே சொல்லிக்கிறேன்."

"பேசப் போறப்ப ஏன் ஆஃப் பண்ணல?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் முகம் இறுகியது. காளியப்பன் இருந்தவரை மெஷின் அவர் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போன பிறகு முதல் தடவை அவளே கிளப்பினாள். நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் கயிற்றை இழுத்தபோது, கயிறு சுவரில் கட்டியதுபோல நின்றது. லெட்சுமணன் வந்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. "இது பொம்பளைங்க இழுக்குற மெஷின் இல்ல" என்றார். அன்றிலிருந்து கழுவும் நாள் காலையில் அவரே வந்து கிளப்பிக் கொடுப்பார். இரண்டாவது தடவை அவரைக் கூப்பிட அவளுக்குக் கூச்சம். அதனால் கழுவி முடிக்கும்வரை எது வந்தாலும் இன்ஜினை அணைக்கமாட்டாள்.

அவள் சொல்லி முடிக்கும்போது லோகேஸ்வரனின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஜீவன்."

"ஸ்பீக்கர்ல போடு."

"லோகா, எங்கம்மா அங்கதான இருக்காங்க?" ஜீவனின் குரலுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. "பெட்ரோல் மெஷின் குடுக்காதடா. அவங்களால கயிறு இழுக்க முடியாது. கேட்டா சின்ன கரண்டு மெஷின் ஏதாச்சும் குடு. குடுக்காட்டியும் பரவால்ல. எப்படியும் இங்க வரப்போறாங்க."

"ஜீவா, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் அங்கம்மா.

"ம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான..."

"ஓவர்டைம்தான? போய் வேலையைப் பாரு லா."

அவளே விரலை வைத்துப் போனை அணைத்தாள்.

கடையில் மூன்று வகை இருந்தன. லோகேஸ்வரன் நியாயமானவன். முதலில் கரண்டு மெஷினையே காட்டினான். கையில் தூக்கலாம், சத்தம் இல்லை, பெட்ரோல் வாங்க வேண்டாம், கயிறே கிடையாது. "கார், மோட்டார் சைக்கிள், ஜன்னல் கழுவ இதுதான் நல்லதுக்கா. ஊர்ல முக்கால்வாசி வீட்டுக்கு இது போதும்."

"எங்க வீட்டுக்கு?"

அவன் பென்சிலை நீட்டினான். அவள் அட்டையில் வீட்டை வரைந்தாள். முன்னால் போர்ச், பக்கவாட்டில் இறக்கம், பின்னால் லோங்கான் சாக்கடை, அதையொட்டிப் பின்சந்து. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் குறுக்குவழி என்று அந்தச் சந்தில் புகுந்து செம்மண்ணை அப்பிவிட்டுப் போகும். மெஷினுக்குத் தோதான பிளக் பாயிண்ட் இருப்பது கூடத்தில் ஒன்றே ஒன்று. அங்கிருந்து பின்சந்துக்கு நீள வயர் இழுத்தால் பாதி வயர் தண்ணீரில் கிடக்கும். அதோடு இந்தச் சின்ன மெஷின் நிமிஷத்துக்கு ஆறு லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் விடுகிறது. பாசியைக் கிளப்பும், ஆனால் கிளப்பிய சேற்றைத் தள்ளிக்கொண்டு போகாது.

"அழுத்தம் வேற, தண்ணி வேற" என்றான் லோகேஸ்வரன். "அழுத்தம் உரிக்கும். தண்ணிதான் அள்ளிக்கிட்டுப் போகும். ரெண்டும் வேணும்."

"மருந்துலயும் அதான். குழல் முனையில இருக்குற நாசில் ஓட்டை தேஞ்சு பெருசாப் போச்சுன்னா மருந்து நிறைய ஊத்தும், ஆனா புல் சாகாது."

லோகேஸ்வரன் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

தவுக்கே செய்தித்தாளைத் தாழ்த்தி, கடை வாசலில் நிற்கும் சிவப்பு மெஷினைக் கையால் காட்டினார். பெரிய இன்ஜின், நாலாயிரம் பி.எஸ்.ஐ அழுத்தம், நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர். "இது பாகுஸ், ரொம்ப நல்லது, எல்லாம் போயிடும்" என்றார் மலாய் கலந்த தமிழில். நாற்பது வருஷமாகத் தோட்டத்து ஆட்களுக்கு விற்று விற்றுப் பழகிய தமிழ் அது.

"எல்லாம் போயிடும்னா?" என்று அங்கம்மா லோகேஸ்வரனிடம் கேட்டாள்.

"சிமெண்டும் சேர்ந்து போயிடும்" என்றான் அவன், தவுக்கே காதில் விழாதபடி. "மேல இருக்குற வழவழப்பு உரிஞ்சு குழி குழியாயிடும். அந்தக் குழியில அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நல்லா வேர் பிடிக்கும். இன்னொண்ணும் இருக்குக்கா. உங்க பைப்புல நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி வருது?"

"தெரியாது."

"தெரியாம மெஷின் வாங்கக்கூடாது. மெஷின் குடிக்கிறத விட பைப்பு கூடக் குடுக்கணும். குறைஞ்சா பம்பு காத்தையும் சேர்த்து உறிஞ்சும். காத்துக் குமிழி உள்ள வெடிச்சு வெடிச்சு உலோகத்தையே கொத்திடும். சூட்டுல செத்தது ஒண்ணு. அடுத்தது தாகத்துல சாகும்."

அங்கம்மா எழுந்தாள். பழைய மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தாமானே துணி துவைக்கும், தண்ணீர் மெலிந்துதான் வரும். அளக்க அதுதான் சரியான நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல நேரத்தில் அளந்தால் மெஷின் நல்ல நேரத்தில் மட்டும்தான் ஓடும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியைப் போர்ச் குழாயின் கீழே வைத்து, போனில் நேரத்தை ஓடவிட்டாள். வாளி விளிம்பைத் தொட ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு.

கடைக்குத் திரும்பி வந்து சொன்னபோது லோகேஸ்வரன் கால்குலேட்டரைத் தட்டினான். "பத்தே முக்கால் லிட்டர். பதினஞ்சு லிட்டர் மெஷின் உங்க வீட்டுல பட்டினி கிடக்கும்."

பின்கட்டின் மூலையில், புல்வெட்டும் மெஷின் பெட்டிகளுக்குப் பின்னால், யாரும் கேட்காமல் தூசி படிந்து ஒன்று நின்றது. நடுத்தர இன்ஜின். இரண்டாயிரத்து அறுநூறு பி.எஸ்.ஐ. நிமிஷத்துக்கு ஒன்பது லிட்டர். பெரியது வேண்டும் என்பவர்கள் சிவப்பை வாங்கினார்கள், சுலபமானது வேண்டும் என்பவர்கள் கரண்டை வாங்கினார்கள். இது இரண்டுக்கும் நடுவில் ஆளில்லாமல் கிடந்தது. அவன் பம்பின் அடியில் விரலை வைத்துக் காட்டினான்: சூடு ஏறினால் தண்ணீரைக் கக்கும் வால்வு இது, மாசம் ஒரு தடவை பார்க்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சல்லடை, செம்மண் அடைத்தால் கழற்றிக் கழுவ வேண்டும். இன்ஜின் எண்ணெயைத் தனி வாயில்தான் ஊற்ற வேண்டும், புல்வெட்டும் மெஷினுக்குக் கலப்பதுபோலப் பெட்ரோலில் கலக்கக்கூடாது.

கடையின் பக்கவாட்டுச் சந்தில் குழாயை மாட்டி அவன் ஒரு தடவை ஓட்டிக் காட்டினான். கன்னின் முனையில் மாட்டிய பச்சை நிற நாசிலிலிருந்து தண்ணீர் விசிறியாக விரிந்தது. அங்கம்மா வெயில் பின்னால் வரும்படி நகர்ந்து நின்று, அந்த விசிறியை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். நடுவில் கோடு எதுவும் விழவில்லை. கோடு விழுந்தால் நாசில் கடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"நாசில் நல்லாருக்கு" என்றாள். "அணை. நான் இழுக்குறேன்."

அவன் அணைத்தான். பக்கத்துக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். தவுக்கேயும் வந்து நின்றார்.

அவள் இழுத்தாள். கயிறு ஒரு சாண் வந்து நின்றது. சுவரில் கட்டியதுபோல, அதே நிற்பு. தோளில் சுரீர் என்றது.

"பாட்டரி வச்சது ஒண்ணு வாங்கிடுங்க, பட்டனைத் தட்டினாப் போதும்" என்றார் காபிக்காரர்களில் ஒருவர்.

"அக்கா, இருங்க, அதுக்கு ஒரு..."

"சொல்லாத தம்பி."

அவள் மெஷினையே பார்த்தாள். இன்ஜின் புதுசு. இப்போதுதான் இவன் ஒரே இழுப்பில் கிளப்பினான். இவன் ஒன்றும் பலசாலி இல்லை, மூங்கில் குச்சிபோல இருக்கிறான். அப்படியானால் அப்போது இல்லாத ஏதோ ஒன்று இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மருந்துப் பம்பிலும் அப்படி ஆகும். உள்ளே அழுத்தம் நிறைந்துவிட்டால் நெம்புகோல் கல்லாக நின்றுவிடும். வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் பம்பு கெட்டுப்போச்சு என்று மேற்பார்க்கும் மண்டோரைக் கூப்பிடுவார்கள். பழைய ஆட்கள் யாரும் நெம்புகோலோடு சண்டை போடமாட்டார்கள். விசையை ஒரு தடவை அழுத்தி மருந்தை ஒரு வீச்சு விடுவார்கள். நெம்புகோல் தானாக இளகும்.

அங்கம்மா கன்னை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி விசையை அழுத்தினாள். அடைபட்டிருந்த தண்ணீர் சீறிவிட்டு அடங்கியது. கன்னைக் கீழே வைத்தாள். காலை மெஷினின் சட்டத்தில் ஊன்றி, கயிற்றை இழுத்தாள். கயிறு முழு நீளமும் வந்தது. இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது.

காபிக்காரர் கோப்பைக்குள் பார்த்தார்.

"நான் சொல்ல வந்தது அதேதாங்க்கா" என்று இரைச்சலுக்கு மேலே கத்தினான் லோகேஸ்வரன். "கன்னு மூடி இருக்கறப்ப உள்ள அழுத்தம் சிக்கிக்கும். அதுக்கு எதிரா எவனாலயும் இழுக்க முடியாது."

அங்கம்மா இன்ஜினை அணைத்தாள். விசையை அழுத்தினாள், இழுத்தாள், கிளப்பினாள். மறுபடி அணைத்தாள். இப்படி நான்கு தடவை செய்தாள். இரண்டு வருஷம் ஒரு முழு ஊர் அவள் கைக்குப் பலம் இல்லை என்று சொல்லியிருந்தது. அவளும் நம்பியிருந்தாள். அந்தக் கோபத்துக்கு நான்கு தடவை குறைவுதான்.

சனிக்கிழமையே பணம் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த அந்தப் புது மெஷினோடு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் பைப்பைத் திறந்து, இன்ஜினைக் கிளப்பாமலே விசையை அழுத்திப் பிடித்தாள். காற்று துப்பித் துப்பி வெளியேறி, பிறகு தண்ணீர் கம்பிபோல வந்தது. அதன் பிறகுதான் கயிறு. தரைக்கு ஒரு அடி மேலே நாசிலைப் பிடித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினாள். ஒரு வீச்சின் ஓரத்தை அடுத்த வீச்சு கொஞ்சம் மூட வேண்டும், இல்லாவிட்டால் இடையில் பச்சை வரி நிற்கும். இது மருந்தடிப்பில் கற்றது. பாசி தோல்போல உரிந்து சுருண்டு, தண்ணீரோடு லோங்கானுக்குப் போனது. அடியிலிருந்து சிமெண்டின் சாம்பல் நிறம் பட்டை பட்டையாக வெளியே வந்தது.

எட்டரை மணிக்கு லெட்சுமணன் கேட்டில் வந்து நின்றார். அவள் இன்ஜினை அணைத்தாள்.

"அணைச்சிட்டீங்களே. சரி, பரவால்ல, போறப்ப நான் இழுத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"ஜீவனுக்குப் போன் போட்டுச் சொன்னது நீங்கதான?"

"போன் எல்லாம் போடல." அவர் கேட் கம்பியைத் தடவினார். "வாட்சப்தான்."

பத்து நிமிஷம் பேசினார்கள். அவர் மகள் குளுவாங்கில் வீடு பார்க்கிறாளாம், மழை இந்த வருஷம் முன்கூட்டியே வருமாம். பேசி முடித்ததும் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அங்கம்மா கன்னைத் தரைப்பக்கம் காட்டி விசையை ஒரு தடவை அழுத்திவிட்டு, அவருக்கு முன்னால் கயிற்றை இழுத்தாள். இன்ஜின் கிளம்பியது. மடித்த கையோடு லெட்சுமணன் நின்றார்.

"நம்ம ரெண்டு பேரும் இத்தனை நாளு தண்ணியோட மல்லுக்கட்டியிருக்கோம்ணே" என்று அவள் அவர் காதருகே கத்தினாள். "இதுல ஆம்பளை பொம்பளைன்னு ஒண்ணும் இல்ல."

பத்து மணிக்கு ஜீவனின் கார் நேராகப் போர்ச்சுக்குள் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. போர்ச் முழுக்க முடிந்திருந்தது. பக்கத்து இறக்கம்தான் பாக்கி. அங்கம்மா இன்ஜினை அணைத்துவிட்டு நின்றாள். முழங்கால் வரை சேறு. ஜீவன் இறங்கித் தரையைப் பார்த்தான். குனிந்து ஒரு தடவை தொட்டும் பார்த்தான்.

"ம்மா, இதெல்லாம் நீங்களேவா?"

"வேற யாரு?"

மருமகள் ரூபினி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். "வழுக்கவே இல்லத்தை" என்றாள்.

ஏஜெண்ட் டை கட்டியிருந்தார். ஷூக் காலோடு போர்ச்சின் நடுவுக்கு வந்து நாலாபக்கமும் பார்த்து, போனில் இரண்டு படம் எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மிஸ்டர் ஜீவன், நீங்க சொன்ன மாதிரி இல்லையே. நான் என்னமோ பாசி பிடிச்ச பழைய வீடுன்னு நினைச்சு வந்தேன். ஓரத்து வீடு, இவ்வளவு சுத்தமா இருக்கு. இந்தப் படத்தைப் போட்டா ஒரு வாரத்துல ஆள் வந்துடும்."

அங்கம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்று மணி நேரம் அவள் கழுவியது வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள. இந்த மனிதருக்கு அதே தரை வீட்டைக் கொடுத்துவிடச் சௌகரியமாகப் போய்விட்டது. பச்சையாக இருந்தால் அவள் போக வேண்டும், சுத்தமாக இருந்தால் வீடு சீக்கிரம் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒப்பந்தம் அவளைத்தான் வெளியே தள்ளியது. பேசியபோது இது தெரியவில்லை. பம்பைப் பிரித்துப் பார்த்ததுபோல இதையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஜீவன் அவளை ஒரு பக்கமாக அழைத்துப் போனான். "ம்மா, நான் ஒத்துக்கிறேன். நல்லா கழுவியிருக்கீங்க. சரி, பேசின மாதிரியே இருக்கட்டும். போர்ச் இப்படியே இருக்குற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எந்தப் பேச்சு?"

"போர்ச் பச்சையானா வந்துடுறேன்னு..."

"அந்தப் பேச்ச நான் இப்ப முடிச்சுக்குறேன்." அவள் குரல் உயரவில்லை. "ஜீவா, நல்லா கேட்டுக்க. தரையைக் கழுவுறது நான் விழாம இருக்க. இங்க இருக்குறதுக்கு அது வாடகை இல்ல. நாளைக்கே இந்த மெஷினும் போகலாம். மறுபடி பாசி பிடிக்கலாம். நான் மறுபடி விழலாம். அப்பவும் நான் இங்கதான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பாரு, சோறு கொண்டுவந்து குடு. வீட்டைப் பத்திப் பேசாத."

"எனக்குப் பயமா இருக்கும்மா. அங்கிருந்து வர ரெண்டு மணி நேரம் ஆகுது."

"பயம் இருக்கட்டும். எனக்கும்தான் நீ இருட்டுல பாலத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போன காலத்துல பயமா இருந்துச்சு. உன் வேலையை விடச் சொன்னேனா?"

ஜீவன் ஏஜெண்ட் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். ரூபினி அவனைப் பார்க்காமல், கழுவிய தரையைப் பார்ப்பதுபோல நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர்கிட்ட நான் என்ன சொல்றது? சிம்பாங் ரெங்கத்துல இருந்து வந்திருக்காரு."

"நீதான கூப்பிட்ட. நீயே சொல்லு. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லு."

அவன் ஏஜெண்டை நோக்கி நடந்தான். இரண்டு பேரும் கேட் ஓரம் நின்று பேசினார்கள். ஏஜெண்ட் முதலில் வீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு போனை எடுத்து ஏதோ செய்தார். வெள்ளைக் கார் கிளம்பிப் போனது. ஜீவன் திரும்பி வரும்போது அவள் நீளக் குழாயைச் சுருள் பிரித்து இறக்கத்தின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் குழாயின் ஒரு முனையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"அதை ரூபினி பிடிச்சுக்குவா" என்றாள் அங்கம்மா. "நீ போய்க் காரை வெளிய எடு. டயர் சேறு போட்டிருக்கு, அதுக்குக் கீழ மறுபடி கழுவணும்."